சாவி கொடுக்கிற வாட்ச்

வலப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் குமிழை நாளுக்கு ஒருமுறை விரலால் திருகிவிட்டால்தான் ஓடும் கைக்கடிகாரத்துக்குத் தமிழ்நாட்டில் 'சாவி கொடுக்கிற வாட்ச்' என்று பெயர். அதில் சாவி எதுவும் கிடையாது. பழைய சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி உண்டு. சங்கிலி போட்டுப் பையில் வைத்துக்கொண்ட பழைய பாக்கெட் வாட்சுக்கும் தனிச் சாவி இருந்தது. 1840-களில் அத்ரியன் ஃபிலிப் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர், குமிழைத் திருகியே விசை ஏற்றவும் முள்ளைத் திருப்பவும் வழி கண்டார். அதன்பிறகு சாவி மெல்ல ஒழிந்தது. சொல் மட்டும் நின்றுவிட்டது.

நடைபாதையில் விற்கும் மலிவான பாட்டரி வாட்ச் கூட இதைவிடச் சரியாக மணி காட்டும். ஆனாலும் சாவி கொடுக்கிற வாட்சைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதை ஓட்டும் சக்தி கட்டியிருப்பவரின் இரண்டு விரல்களிலிருந்து வருகிறது. பழுதானால், கடைத்தெருவில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரால் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய முடிகிறது. இந்த இரண்டும் எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் சீமையில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைத்த மானாவாரிச் சம்சாரிக்கு நிமிடக் கணக்கு தேவைப்படவில்லை. கோழி கூப்பிட எழுந்து, விடிவெள்ளி பார்த்து மாடு பூட்டி, வெயில் தாழ வீடு திரும்பி, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கஞ்சி குடித்தால் நாள் முடிந்தது. நடுப்பகலை நிழல் சொன்னது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 டிகிரியில் கோவில்பட்டி இருப்பதால், சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட கம்பின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அந்தக் கணத்தில் கையில் வாட்ச் இருந்தால் அது 12 மணியைக் காட்டாது. 12 மணி 18 நிமிடம் அளவில் காட்டும். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கோவில்பட்டி அதற்கு நாலரை டிகிரிக்குச் சற்று அதிகமாக மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் வீதம், ஊரின் சூரியன் கடிகாரத்துக்குப் பதினெட்டு நிமிடம் பிந்தியே உச்சிக்கு வருகிறது.

இந்த வித்தியாசத்தை ஊருக்குக் கொண்டுவந்தது ரயில். 1870-களில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பாதை போட்டபோது அது கோவில்பட்டி வழியாகப் போனது. ரயில்கள் அப்போது சென்னை நேரத்தில் ஓடின. அதுவே இவ்வூர்ச் சூரியனைவிட ஒன்பது பத்து நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்ததும் இன்னும் ஒன்பது நிமிடம் கூடிற்று. நிழலைப் பார்த்துப் புறப்பட்டவர் வண்டியைத் தவறவிடலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

அடுத்து வந்தவை நூற்பாலைகள். லாயல், லட்சுமி போன்ற மில்களில் வேலை ஷிப்டுக் கணக்கில் நடந்தது. மில் சங்கு ஊரின் பொதுக் கடிகாரம் ஆனது. இந்த வட்டாரத்தின் இன்னொரு பெருந்தொழிலான தீப்பெட்டி வேலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெட்டி ஒட்டியதற்கும் குச்சி அடுக்கியதற்கும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்ணுக்கு மணியைவிடக் கணக்கு முக்கியம். ஷிப்டுக்குப் போனவர், ரயில்வேக்காரர், பள்ளி ஆசிரியர், பஸ் கண்டக்டர் ஆகியோருக்குத்தான் வாட்ச் முதலில் தேவைப்பட்டது.

அந்தக் காலத்து வாட்சுகள் எல்லாம் கப்பலில் வந்தவை. ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர் போன்ற சுவிஸ் பெயர்கள் இந்தியச் சந்தையில் புழங்கின. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பெரிய கடைகள் இருந்தன. ஆனால் கரிசல் கிராமத்து மனிதருக்கு அவை எட்டாத பொருள். ஊரில் ஒருவர் கையில் வாட்ச் இருந்தால், மற்றவர்கள் அவரை நிறுத்தி மணி கேட்பார்கள்.

அதை மாற்றியது எச்.எம்.டி. 1953-இல் பெங்களூரில் இயந்திரங்கள் செய்வதற்காக மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. முதலில் செய்த வாட்சுகளைப் பிரதமர் நேரு வெளியிட்டார். இயந்திரம் செய்யும் தொழிற்சாலை வாட்சுக்குள் இறங்கியது பொருத்தமான காரியம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடையத் தெரிந்தவர்களால்தான் வாட்சின் அச்சையும் பல்லையும் செய்ய முடியும். பின்னர் தும்கூர், ஸ்ரீநகர், இன்றைய உத்தராகண்டின் ராணிபாக் ஆகிய இடங்களிலும் ஆலைகள் வந்தன. மொத்தத்தில் 10 கோடிக்கும் அதிகமான எச்.எம்.டி. வாட்சுகள் மக்கள் கைக்குப் போயின.

அவற்றில் சாவி கொடுக்கிற ரகங்களின் பெயர்களே ஒரு காலத்தைச் சொல்லும்: ஜனதா, ஜவான், பைலட், கோஹினூர், சோனா. வெள்ளை டயலும் மெல்லிய முள்ளுமாக ஜனதா, பெயருக்கு ஏற்பப் பொதுஜனத்தின் வாட்ச். ஜவானும் பைலட்டும் இருட்டில் ஒளிரும் பூச்சு கொண்ட எண்களோடு வந்தன. பார்வையற்றோருக்காக ஒரு பிரெயில் வாட்சும் எச்.எம்.டி. செய்தது. அதன் கண்ணாடி மூடியைத் திறந்து, முள்ளையும் புள்ளிகளையும் விரலால் தடவி மணி தெரிந்துகொள்ளலாம். அரசு நிறுவனம் செய்த பொருள்களில் இவ்வளவு கருணையோடு யோசித்தவை அதிகம் இல்லை.

கோவில்பட்டிப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் போடுவது வழக்கமானது. சைக்கிள், ரேடியோவோடு அது சீர்ப் பட்டியலிலும் ஏறிப் பெண் வீட்டாருக்குச் சுமையாயிற்று. அதையும் சேர்த்துத்தான் இந்த வாட்சின் கதை. மாப்பிள்ளை கையில் ஏறிய அந்த வாட்ச் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க ஓடியது. காலையில் பல் துலக்கியதும் சாவி கொடுப்பார்கள். திருநெல்வேலி வானொலியில் 7.15 செய்திக்கு முன் கேட்கும் 'பீப்' ஒலிக்கு முள்ளைத் திருத்திக்கொள்வார்கள்.

இனி உள்ளே நடப்பது. குமிழைத் திருகும்போது ஒரு தட்டையான எஃகு நாடா சின்ன உருளைப் பெட்டிக்குள் இறுக்கமாகச் சுருள்கிறது. இதுதான் மெயின் ஸ்பிரிங். விரித்துப் பிடித்தால் ஒரு முழ நீளம் வரக்கூடியது, ஒரு பட்டாணி அளவு இடத்தில் அடங்கியிருக்கும். சுருண்ட நாடா விரியப் பார்க்கிறது. அந்தத் தள்ளல் வரிசையாக நான்கு பல்சக்கரங்கள் வழியே ஓடுகிறது. ஒரு சக்கரம் மணிக்கு ஒரு சுற்று சுற்றும். நிமிட முள் அதோடு இணைந்தது. இன்னொன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. அது நொடி முள்ளுக்கு உரியது.

தடுப்பு எதுவும் இல்லையென்றால் விசை முழுவதும் சில நொடிகளில் சீறித் தீர்ந்துவிடும். அதைத் துளித் துளியாக விடும் ஏற்பாட்டில்தான் கடிகாரக் கலையின் நுட்பமெல்லாம் இருக்கிறது. கடைசிப் பல்சக்கரத்தைக் கப்பல் நங்கூரம் போன்ற ஒரு சின்ன நெம்பு இரு கைகளால் மாற்றி மாற்றிப் பிடித்து விடுகிறது. எப்போது விட வேண்டும் என்பதைப் பேலன்ஸ் சக்கரம் முடிவு செய்கிறது. அது ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகாமல், தலைமுடி போன்ற ஹேர் ஸ்பிரிங்கின் பிடியில் இடமும் வலமுமாக ஆடும். ஊசல் குண்டு பூமியின் ஈர்ப்பில் ஆடுகிறது. பேலன்ஸ் இந்தச் சுருளின் இழுப்பில் ஆடுகிறது. அதனால்தான் கையை எப்படி வீசினாலும் வாட்ச் ஓடுகிறது. இந்தச் சுருளை வாட்சில் பொருத்தும் முறையை டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1675-இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய கடிகாரங்கள் நாளுக்குக் கால் மணி, அரை மணி பிசகுவது சாதாரணம்.

நெம்பு சக்கரத்தைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு 'டிக்'. எச்.எம்.டி. ஜனதா போன்ற வாட்சில் மணிக்கு 18,000 டிக். அதாவது நொடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000. காதோரம் வைத்தால் கேட்கும் சத்தம் இந்த ஐந்துதான். பாட்டரி வாட்சில் நொடி முள் ஒன்று ஒன்றாகத் தாவி நிற்கும். இதில் நொடிக்குள் ஐந்து சின்ன அடி வைத்து நகர்வதால் வழுக்கிப் போவதுபோல் தெரியும். கண்ணுக்குப் பிடிக்கும் அந்த ஓட்டத்துக்குக் காரணம் இவ்வளவே.

டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே விலையுயர்ந்த ரத்தினம் இருப்பதாக நினைத்தவர்கள் உண்டு. 'பதினேழு கல் வாட்ச்' என்றே அதைச் சொன்னார்கள். அவை செயற்கை மாணிக்கக் கற்கள்; 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் மாணிக்கத்தை உலையில் வளர்க்கும் முறையை வெளியிட்டதிலிருந்து மலிவாகிவிட்டன. விலைக்காக அல்ல, கடினத்துக்காக அவற்றை வைக்கிறார்கள். முடி மொத்தமே உள்ள எஃகு அச்சுமுனை பித்தளைக் குழியில் லட்சக்கணக்கான முறை உரசினால் குழி தேய்ந்துபோகும். கல் தேயாது, எண்ணெயும் பரவாமல் நிற்கும். நான்கு சக்கரங்களின் அச்சுக்கும் நெம்பின் அச்சுக்கும் இரு முனையில் இரு கல், நெம்பின் கைகளில் இரண்டு, பேலன்சைச் சுற்றி ஐந்து என்று கூட்டினால் பதினேழு வரும். பேலன்சின் கற்கள் மெல்லிய ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருப்பதையே 'பாராஷாக்' என்று டயலில் எழுதினார்கள். வண்டிப்பாதையில் சைக்கிள் மிதித்தவரின் வாட்ச் அச்சு முறியாமல் பிழைத்தது அதனால்.

நல்ல நிலையில் உள்ள இத்தகைய வாட்ச் நாளுக்கு 20, 30 நொடி பிசகலாம். கேட்கும்போது பெரிதாகத் தெரியும். ஒரு நாளில் 86,400 நொடி. அதில் 20 நொடி என்றால் பத்தாயிரத்தில் இரண்டரைப் பங்குகூட இல்லை. வெறும் எஃகும் பித்தளையும் ஒரு சொட்டு எண்ணெயும் சேர்ந்து, தூக்கத்திலும் ஓட்டத்திலும் வெயிலிலும் இந்த அளவுக்குள் நிற்பது சாதாரணச் சாதனை அல்ல.

வெயில் என்பது கரிசல் காட்டில் சின்ன விஷயம் இல்லை. சூடேறினால் எஃகுச் சுருள் தளர்ந்து வாட்ச் மெதுவாகும். பழைய வெற்று எஃகுச் சுருள் ஒரு டிகிரிக்கு நாளுக்குச் சுமார் பத்து நொடி பின்வாங்கும். மார்கழிக் காலையிலிருந்து சித்திரை மதியத்துக்குள் பதினைந்து டிகிரி கூடும் ஊரில் அது இரண்டரை நிமிடப் பிசகு. சூட்டுக்கு அசையாத நிக்கல்-இரும்புக் கலவைகளைக் கண்டுபிடித்து இதைத் தீர்த்தவர் சார்ல்ஸ் கியோம். கடிகாரம் செய்யும் சுவிஸ் குடும்பத்தில் பிறந்தவர். 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மேகமில்லா வானத்தின் கீழே களை வெட்டுகிறவர் கையில் வாட்ச் ஒழுங்காக ஓடியதற்குப் பின்னால் அந்த ஆராய்ச்சி இருக்கிறது.

கியோமின் கலவையால் ஒன்றும் செய்ய முடியாத எதிரி புழுதி. மழையில் சோற்றுப் பசைபோல் ஒட்டும் கரிசல் மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்து மாவாகிவிடும். ஆடிக் காற்றில் அது எங்கும் நுழையும். குமிழின் தண்டு உள்ளே போகும் துளையில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து இறுகியதும், புழுதி அந்த வழியே நுழைந்து எண்ணெயோடு குழைந்து, தேய்க்கும் பசையாகிறது. பஞ்சாலைக்காரரின் வாட்சில் பஞ்சுத்தூசி. கூடவே வியர்வை உப்பு. ஈரமான மலைநாட்டில் துரு கொல்லும் வாட்சைக் கரிசலில் புழுதி கொல்லும். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று சொல்லப்படும் சர்வீஸ் இங்கே இன்னும் முன்பாகவே தேவைப்படும்.

அங்கேதான் வாட்ச் ரிப்பேர்காரர் வருகிறார். பெரிய கடையின் வாசலிலோ பஸ் ஸ்டாண்டு ஓரத்திலோ ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு விளக்கு, கண்ணில் இடுக்கிய லென்ஸ், சாமணம், ஊசிபோன்ற திருப்புளிகள், ஊதுவதற்கு ஒரு ரப்பர் குமிழ், இவ்வளவுதான் தொழிற்சாலை. பின்மூடியைத் திறந்ததும் அவர் முதலில் மெயின் ஸ்பிரிங்கின் விசையை மெதுவாக இறக்கிவிடுவார். விசை இருக்கும்போது நெம்பைக் கழற்றினால் சக்கரங்கள் சீறிப் பல் உடையும். பிறகு பேலன்ஸ், நெம்பு, சக்கரங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, கழுவி, காயவைத்து, திரும்ப அடுக்கி, கல்லுக்கு ஒரு துளி எண்ணெய் வைப்பார். துளி பெரிதானால் அதுவே பிழை; எண்ணெய் ஹேர் ஸ்பிரிங்கில் ஏறி வளையங்கள் ஒட்டிக்கொண்டால் வாட்ச் தறிகெட்டு முந்தும். காந்தம் ஏறினாலும் அப்படியே முந்தும். ஒலிபெருக்கி, மோட்டார், இன்றைக்கு மொபைல் உறையின் காந்தம் எல்லாம் அதைச் செய்யும்.

இந்தக் கைத்திறனைக் கற்றுத் தந்த பள்ளிகள் குறைவு. பெரும்பாலோர் அப்பாவிடமோ கடை முதலாளியிடமோ பார்த்துப் பழகியவர்கள். சாவி கொடுக்கிற வாட்சின் ஆயுள் உண்மையில் இவர்களின் ஆயுள்தான்.

1969-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூலையில் நிலவில் இறங்கிய ஆல்ட்ரின் கையில் இருந்தது சாவி கொடுக்கிற ஒமேகா ஸ்பீடுமாஸ்டர். டிசம்பரில் ஜப்பானின் செய்க்கோ உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. மின்சாரம் பட்டதும் நடுங்கும் படிகத் துண்டை வைத்து நேரம் கணக்கிடுவது குவார்ட்ஸ் முறை. இன்றைய குவார்ட்ஸ் வாட்சுகளில் அந்தப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. நொடிக்கு ஐந்து டிக் அதோடு போட்டி போட முடியாது. சுவிட்சர்லாந்தின் வாட்ச் ஆலைகளே ஆட்டம் கண்டன.

இந்தியாவில் அந்த மாற்றத்தை நடத்தியது தமிழ்நாட்டு மண். 1984-இல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்து, குவார்ட்ஸையே நம்பிக் களத்தில் இறங்கியது. மெலிந்த, பளபளப்பான, சாவி கேட்காத வாட்ச் மாப்பிள்ளை கைக்கு மாறிற்று. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது, ஆனால் கடைத்தெருவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பின்னாலேயே செல்போன் வந்து, மணி பார்க்க வாட்சே வேண்டாம் என்றாக்கியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நல்ல பொருளைச் செய்யத் தெரிந்த கைகள் அத்தோடு கலைந்தன. அது நாட்டுக்கு நட்டம்.

மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் கடைகளில் மிஞ்சியிருந்த எச்.எம்.டி.களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அதுவரை பீரோவில் கிடந்த அப்பாக்களின் வாட்சுகள் வெளியே வந்தன. டைட்டனும் பின்னர் பாட்டரி இல்லாத வாட்சுகளைத் தானே செய்யத் தொடங்கியது. இப்படித் தேடுகிறவர்களில் இளைஞர்கள் நிறையப் பேர். இரண்டு மூன்று வருடத்தில் பழசாகும் போனையும் தினமும் சார்ஜ் கேட்கும் ஸ்மார்ட் வாட்சையும் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பொருள் அதே வேலையை அதே முறையில் செய்துகொண்டிருப்பது வியப்பாக இருக்கிறது. அதைப் பிரித்தால் ஒவ்வொரு உறுப்பும் ஏன் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட இயந்திரம் இன்று ஒரு வீட்டில் எத்தனை இருக்கும்?

தேவை கூடியதும் போலியும் கூடியது. பழைய எச்.எம்.டி. என்று விற்கப்படுபவற்றில் பல, வேறு வேறு வாட்சின் உறுப்புகளைச் சேர்த்து, டயலுக்குப் புதுச் சாயம் பூசி எடுத்தவை. கண்ணைப் பறிக்கும் சிவப்பு, கிளிப்பச்சை டயல், தடித்துக் கலங்கிய எழுத்து, டயலின் விளிம்பை எட்டாத அல்லது தாண்டிப்போகும் முள் ஆகியவை அடையாளம். கீறல் விழுந்தாலும் பரவாயில்லை, பழைய டயல் இருக்கும் வாட்சே வாங்கத் தக்கது.

சாவி கொடுப்பதிலும் முறை உண்டு. கையிலிருந்து கழற்றிவிட்டுத் திருக வேண்டும். கட்டியபடியே திருகினால் தண்டு ஒருபக்கமாக இழுபட்டு வளையும். முப்பது சுற்று அளவில் குமிழ் இறுகி நிற்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். முழுச் சாவி ஒன்றரை நாள் வரை தாங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது. விசை குறையக் குறையப் பேலன்சின் வீச்சு சுருங்கி நேரம் மாறும். 'சாவி அதிகமாகி நின்றுவிட்டது' என்று சொல்லிக் கொண்டுவரப்படும் வாட்சுகள் அநேகமாக அதனால் நின்றவை அல்ல. முழுச் சாவி இருந்தும் சக்கரம் நகராததற்குக் காரணம் காய்ந்துபோன எண்ணெயும் புழுதியும்தான்.

ஆகையால் பீரோவில் பல வருடம் கிடந்த வாட்ச் கைக்கு வந்தால், ஆசைப்பட்டு உடனே சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. எண்ணெய் இல்லாத அச்சு அந்த ஓட்டத்தில்தான் தேயும். முதலில் ரிப்பேர்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் பிரித்துக் கழுவி மாட்டியதும் ஐந்தாறு சுற்றுச் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்பார். பிறகு டயல் மேலே பார்த்தபடி ஒரு நாள், குமிழ் கீழே பார்த்தபடி ஒரு நாள் என்று வைத்து ஓடவிட்டு, பேலன்சின் மேலிருக்கும் வேறொரு சின்ன நெம்பை முடியளவு தள்ளி வேகத்தைத் திருத்துவார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வாட்ச் கைக்குத் திரும்பும்.